பழைய பிளக்கைக் குப்பையில் போடாதீர்கள்

வேலை நிலைத்ததும் நம் இளைஞர்கள் பலருக்கு வரும் முதல் ஆசை ஒரு வேகக் கார். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் பதினைந்து ஆண்டுகள் ஓடிய கார் ஒன்று, கடன் பாதி, சேமிப்பு பாதி என்று வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. "நல்லா பார்த்துக்கிட்ட வண்டி தம்பி" என்று விற்றவர் சொல்லியிருப்பார். "இந்தக் காசுக்கு ஒரு மைவி எடுத்திருக்கலாமே" என்பது அம்மாவின் கவலை.

விற்றவர் சொன்னது மெய்தானா என்று பார்க்க ஒரு நல்ல வழி, வாங்கிய முதல் வாரத்திலேயே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்ப்பது. எப்படியும் மாற்ற வேண்டிய பொருள்தான். ஆனால் மாற்றுவதைவிட, கழற்றியதைப் படிப்பதில்தான் லாபம் அதிகம்.

நம் சாலைகளில் இன்றும் மதிப்புக் குறையாத ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்டி2 ரகத்தை எடுத்துக்கொள்வோம். 2007இல் வந்த கார். 2.0 லிட்டர் இன்ஜின், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. முழுச் சக்தி கிடைப்பது நிமிடத்துக்கு 8,000 சுற்றில். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் ஒரு முறை தீப்பொறி தரும். அப்படியானால் அந்த வேகத்தில் ஒரு பிளக் விநாடிக்கு அறுபது முறைக்கும் மேல் வெடித்துக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் இரிடியம் வைப்பது இதனால்தான். நிக்கல் 1,455 டிகிரி செல்சியசில் உருகும்; இரிடியம் 2,400 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். அதனால் நுனியை ஊசிபோல் மெல்லியதாகச் செய்தாலும் எளிதில் தேயாது.

இனி வேலைக்கு வருவோம். முதல் விதி: இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். வேலை முடிந்து வந்த கையோடு போனட்டைத் திறக்காதீர்கள். இரவு முழுவதும் விட்டுக் காலையில் செய்யுங்கள். சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை உரிந்து வந்துவிடும். பிளக்கின் விலை சில நூறு ரிங்கிட்டுக்குள் அடங்கும். ஹெட்டைக் கழற்றி மரை போடும் செலவு அப்படி அடங்காது.

மேல் மூடியை எடுத்தால் நான்கு இக்னிஷன் காயில்கள் வரிசையாகத் தெரியும். அவற்றின் பிளாஸ்டிக் இணைப்பிகள் நம் ஊர் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பூட்டை அழுத்தி மெதுவாக விடுவியுங்கள். காயிலை எடுத்ததும் பிளக் இருக்கும் குழிக்குள் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். அங்கே கிடக்கும் மண், பிளக் வெளியே வந்ததும் நேராக சிலிண்டருக்குள் விழும்.

பிறகு 16 மில்லிமீட்டர் பிளக் சாக்கெட்டைப் போட்டுக் கால் சுற்று திருப்புங்கள். இளகினால் சரி. முரண்டு பிடித்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். துரு இளக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டு, காத்திருந்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். அப்போதும் வராவிட்டால் போமனிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

கழற்றிய நான்கையும் ஒரு வெள்ளைத் துணியில் 1, 2, 3, 4 என்று வரிசை மாறாமல் வையுங்கள். இப்போது காரின் சரித்திரம் உங்கள் கண்முன்னே இருக்கிறது.

நுனி இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நிம்மதி. எரிதல் சரியாக நடந்திருக்கிறது.

நான்கிலும் காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது கார் நெரிசலில் ஊர்ந்தே வாழ்ந்திருக்கிறது. பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் தன்னிடம் சேரும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும்.

ஒன்றில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்த சிலிண்டரில் வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். எண்ணெய் நுனியில் இல்லாமல், மேலே குழிக்குள் மட்டும் நின்றால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் வால்வு மூடியின் ரப்பர் சீல் கசிவு. சிறிய வேலை.

நுனி சுண்ணாம்புபோல் வெளுத்துக் கொப்பளித்திருந்தால் இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவியதுபோல் புள்ளிகளோ, அலுமினியத் துணுக்குகளோ தெரிந்தால் உள்ளே 'நாக்கிங்' நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட காரை வார இறுதியில் காராக் நெடுஞ்சாலையில் விரட்டிப் பார்க்காதீர்கள். முதலில் பட்டறை, பிறகுதான் மலை.

புதிய பிளக் வாங்கும்போது வெப்ப எண்ணைக் கவனியுங்கள். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் அது சூட்டை விரைவாகக் கடத்தும் 'குளிர்' ரகம். போஷ் பிளக்குகளில் கணக்கு தலைகீழ். 'ரேஸ்' பிளக் என்று கடைக்காரர் நீட்டுவதெல்லாம் அன்றாட ஓட்டத்துக்குப் பொருந்தாது. நுனி போதிய சூடேறாமல் கரிதான் பிடிக்கும். இன்ஜினை மாற்றி அமைக்காதவரை, காருக்கான கையேடு சொல்லும் எண்ணே போதும். சந்தையில் போலிகளும் உண்டு. நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். இரிடியம் நுனியின் இடைவெளியை நெம்பிச் சரிசெய்யாதீர்கள். மெல்லிய நுனி ஒடிந்துவிடும்.

மாட்டும்போது முதல் சில சுற்றுகள் விரலால்தான். ஒரு துண்டு ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் செருகித் திருப்பினால் இன்னும் நல்லது. மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும். கை எச்சரிக்கை பெறும். இறுதியில் டார்க் ரெஞ்ச் கொண்டு, இந்த இன்ஜினுக்குரிய 18 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்குங்கள். வேறு கார் என்றால் அதன் கையேட்டு அளவு. முலாம் பூசிய பிளக்குகளின் மரையில் கிரீஸ் தடவ வேண்டியதில்லை. வழுக்கல் கூடி, நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக இறுகிவிடும். கீழே விழுந்த பிளக்கையும் போடாதீர்கள். உள்ளே பீங்கான் விரிந்திருந்தால் வெளியே தெரியாது.

எல்லாம் மாட்டியபின் முடுக்குங்கள். இன்ஜின் நடுங்கினால் ஏதோ ஒரு காயிலின் இணைப்பி 'டக்' என்று பூட்டவில்லை என்று பொருள். அணைத்துவிட்டுச் சரிபாருங்கள்.

பழைய நான்கையும் புதிய பிளக்குகள் வந்த பெட்டிகளில் எண்ணிட்டு, தேதியும் ஓடிய கிலோமீட்டரும் எழுதி வையுங்கள். ஐயம் இருந்தால் அப்படியே போமனிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். "வண்டி ஒரு மாதிரி ஓடுது அண்ணே" என்று போகிறவருக்கும், "மூன்றாவது சிலிண்டர் எண்ணெய் குடிக்குது, பாருங்க" என்று போகிறவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது. கட்டும் பில்லும் ஒன்றாக இருக்காது. நான்கும் பழுப்பு நிறத்தில் இருந்தால் அம்மாவிடமும் ஒரு முறை காட்டுங்கள். மைவி வாங்காத கவலை கொஞ்சம் குறையும்.