ஊருக்குத் திரும்பிய நோயாளிகள் யார் கணக்கில்?



புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் மருந்துக்கடை நடத்துகிறேன். ஊரில் நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தால் போதும், “எல்லாம் இந்த வடக்கத்திப் பசங்க கொண்டுவந்தது” என்று டீக்கடையில் முடிவுகட்டிவிடுகிறார்கள். “அவனுங்களுக்கு என்ன, இரும்பு உடம்பு. சீக்குன்னு லீவே போடமாட்டானுங்க” என்பது மேஸ்திரிகளின் பேச்சு. இரண்டுமே தப்பு. இதில் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. இந்த இரும்பு உடம்பை நம்பித்தான் கம்பெனிகளும் அரசும் இவர்களுக்கென்று எதுவும் செய்யாமல் இருக்கின்றன.

பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கத்திலிருந்து இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் வாலிபர்கள். உடம்பில் தெம்புள்ளவன்தான் இவ்வளவு தூரம் ரயிலேறி வருவான். முடியாதவர்கள் ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள். அமெரிக்கா, கனடாவில் குடியேறியவர்களும் வந்த புதிதில் அங்கேயே பிறந்தவர்களைவிட ஆரோக்கியமாக இருப்பதையும், ஆண்டுகள் போகப்போக அது குறைந்துவிடுவதையும் ஆய்வாளர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். நம் தொழிற்பேட்டையில் அந்தக் குறைவு கண்ணில் படுவதேயில்லை. உடம்பு கெட்டவன் ஊருக்குப் போய்விடுகிறான், அவன் இடத்துக்கு மேஸ்திரி புது ஆளைக் கொண்டுவந்து விடுகிறார். எந்த நாளில் தலையை எண்ணினாலும் திடகாத்திரமானவர்கள்தான் நிற்பார்கள்.

இதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதற்குக் குஜராத் சாட்சி. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் பகுதி ஆதிவாசிகள் கோத்ரா பக்கம் குவார்ட்ஸ் கல் அரைக்கும் ஆலைகளுக்குப் போனார்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து மூச்சுத் திணறலோடு திரும்பி, சொந்தக் கிராமங்களில் செத்தார்கள். 238 பேர் இறந்ததைக் கணக்கிட்டு, குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய் வீதம் குஜராத் அரசு கொடுக்க வேண்டும் என்று 2010இல் தேசிய மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. அந்தப் பணத்துக்கு 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. தூசியும் ரசாயன நெடியும் நம் பேட்டையிலும் உண்டு. இங்கிருந்து இருமிக்கொண்டே ஊருக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று புதுச்சேரியில் எந்தப் பதிவேடாவது சொல்லுமா?

இரவு கடை சாத்தும் நேரத்தில்தான் இந்தத் தொழிலாளர்கள் வருவார்கள். வலி மாத்திரை, அல்சர் மாத்திரை, தீக்காயக் களிம்பு, படைக்குப் பூசும் மருந்து. மூன்று வாரமாக இருமுகிறவரிடம் சளிப் பரிசோதனைக்குப் போகச் சொன்னால், “சுட்டி நஹி” (லீவு இல்லை) என்கிறார். காலையில் ஓ.பி. நடக்கும்போது அவர் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருக்கிறார். ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. லைன் வீட்டில் ஒரே அறையில் எட்டுப் பத்துப் பேர் படுக்கிறார்கள். காசநோய் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் தொற்ற வேறென்ன வேண்டும்? அங்கிருந்து பக்கத்துத் தெருவுக்கு வரவும் அதிக நாள் ஆகாது.

மலேரியா பயமும் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர் ரத்தத்தில் அந்தக் கிருமி இருக்கலாம், மறுக்கவில்லை. அதற்கு வழி ரத்தப் பரிசோதனையும், வைவாக்ஸ் என்றால் பதினான்கு நாள் பிரைமாகுவின் மாத்திரையும்தான். வீட்டைக் காலி செய்யச் சொல்லி விரட்டினால் கிருமி அடுத்த ஊருக்குப் போகும், அவ்வளவுதான். கொசுவால் பரவும் நோய்களை ஆராயவென்றே 1975 முதல் ஒரு மத்திய அரசு நிறுவனம் இயங்கும் புதுச்சேரிக்கு இது முடியாத காரியமா?

நம்மவர்கள் வெளிநாட்டில் பட்டதை மறந்துவிட வேண்டாம். 2020இல் சிங்கப்பூரில் கொரோனா எண்ணிக்கையைச் சமூகம் தனி, தொழிலாளர் விடுதி தனி என்று பிரித்துத்தான் வெளியிட்டார்கள். விடுதிகளில் இருந்த மூன்று லட்சத்துச் சொச்சம் பேரில் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொற்று. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அதில் ஏராளம். அதன் பிறகாவது அந்த அரசு புதிய விடுதிகளில் அறைக்கு 12 பேர்தான் என்று வரம்பு வைத்தது. 2022 ஏப்ரல் முதல் முதலாளி செலவில் அடிப்படை மருத்துவத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. பக்கத்துக் கேரளம் 2017இலேயே ‘ஆவாஸ்’ காப்பீட்டைக் கொண்டுவந்து, சிகிச்சைக்கு 15,000 ரூபாயும் விபத்தில் இறந்தால் 2 லட்சமும் என்று வைத்தது.

நமக்குச் சட்டத்தில் குறையில்லை. மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள இ.எஸ்.ஐ., மருத்துவப் பரிசோதனை எல்லாம் வெளிமாநிலத்தவருக்கும் உண்டு என்று 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள். தொழிலாளர் துறை ஒவ்வொரு காண்ட்ராக்டரிடமும் அந்த எண்களை வாங்கிச் சரிபார்க்கட்டும். வேலையை விட்டுப் போகிறவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, அதன் நகலை அவர் கையிலேயே கொடுக்கட்டும். சுகாதாரத் துறை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், இந்தியோ ஒடியாவோ வங்காளமோ பேசத் தெரிந்த ஓர் ஆளோடு, தொழிற்பேட்டையிலேயே முகாம் நடத்தட்டும். முதல் முகாமுக்கு என் கடை வாசலைத் தருகிறேன். மேசை, நாற்காலி, விளக்கு, குடிதண்ணீர் என் பொறுப்பு.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர்,
சேதராப்பட்டு, வில்லியனூர் கொம்யூன்.