அறுந்துபோன மழைக் கணக்கும் வன்னியின் வறட்சியும்

2016 ஐப்பசி, கார்த்திகையில் வரவேண்டிய மழை பொய்த்தது. 2017இல் இலங்கையின் நெல் விளைச்சல் 27 இலட்சம் தொன்தான், முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 40 வீதம் குறைவு என்று ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமும் உலக உணவுத் திட்டமும் மதிப்பிட்டன. அந்த மதிப்பீடு வெளிவந்தது யூன் மாதத்தில். வன்னிக் கமக்காரர் விதைநெல்லை மண்ணில் போட்டு அப்போது எட்டு மாதங்கள் கடந்திருந்தன.

இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் வறட்சிக் கண்காணிப்பு. 1993இல் அமெரிக்காவின் கொலராடோவில் உருவான முறையே இன்று உலகெங்கும் அடிப்படை. ஓரிடத்தில் ஒரு மாதமோ மூன்று மாதமோ பெய்த மழை, அந்த இடத்தின் வழமையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஓர் எண்ணாகச் சொல்வது. எளிமையான கணக்கு. ஆனால் வழமை எதுவென்று அறியக் குறைந்தது 30 ஆண்டுப் பதிவாவது வேண்டும்.

வன்னியில் முட்டுவது இங்கேதான். யுத்தகாலத்தில் வடக்கின் மழைப் பதிவுகள் பல இடங்களில் அறுந்துபோயின. சனம் ஓடும்போது மழைமானியை யார் பார்ப்பது? இடைவெளியைச் செய்மதி நிரப்பும் என்பார்கள். 1981 முதல் செய்மதித் தரவையும் நில அளவீட்டையும் கலந்து, சுமார் 5 கிலோமீற்றர் கட்டங்களாக மழையைத் தரும் பதிவு இருக்கிறது. பயனுள்ளதுதான். ஆனால் நில அளவீடே இல்லாத இடத்தில் அதைச் சரிபார்க்க வழியில்லை. பயிரின் பசுமையை அளக்கும் படங்களிலும் சிக்கல் உண்டு. சிறுகுளத்தின் கீழ் நாலைந்து ஏக்கர் வயல் கருகினாலும், சுற்றிவரக் காடு நிற்பதால் அந்தக் கட்டம் பச்சையாகவே தெரியக்கூடும்.

மாவட்டச் சராசரி இன்னும் மோசம். கிளிநொச்சியில் இரணைமடுவின் கீழ் வயல் உள்ளவர்கள் சிறுபோகத்துக்கு முன்னர் அதிகாரிகளுடன் கூடி, குளத்து நீர்மட்டத்தைப் பார்த்து எத்தனை ஏக்கர் விதைப்பதென்று முடிவெடுக்கிறார்கள். எந்த வரைபடத்தையும்விட நல்ல இடர் மதிப்பீடு அது. வானத்தை நம்பிக் காலபோகம் விதைப்பவருக்கு அந்த வசதி கிடையாது. இருவரையும் ஒரே நிறத்தில் காட்டும் வரைபடத்தை வைத்து நிவாரணமும் காப்புறுதியும் தீர்மானித்தால், விடுபடுவது வானம் பார்த்தவர்தான்.

குளம் திருத்த நம் ஊர்ச்சங்கங்கள் பணம் அனுப்புகின்றன. நல்ல செலவு. அதனுடன் அந்த ஊர்க் கமக்காரர் அமைப்புக்கு ஒரு மழைமானி, ஒரு கொப்பி, தினமும் காலை 8.30க்கு அளவெடுப்பவருக்கு ஒரு சிறு கொடுப்பனவு ஆகியவற்றையும் சேர்க்கலாம். பயன்காண 30 ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. செய்மதி சொல்லும் மழை அந்த ஊரில் பெய்ததா என்பதை முதல் காலபோகத்திலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.