ஒரு பஸ், ரெண்டு பஸ்

"கடலூருக்கு ஒரே நேரத்துல ரெண்டு பஸ் விடறாங்களே, பரவால்ல தம்பி!" என்றார், குறிஞ்சிப்பாடி ஸ்டாப்பிங்கில் ஒரு பெரியவர். வந்தது ஒன்றுதான். சர்க்கரைக்காரர். ஒரே மாசத்தில் ரெண்டு கண்ணாடி மாற்றியாச்சாம்.

ஒரு கண்ணை மூடினால் ரெண்டு ஒன்றாகிவிடுகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் கண்ணை அசைக்கும் நரம்பிலோ தசையிலோதான். கண்ணுக்கு 3 நரம்புகள் இந்த வேலை பார்க்கின்றன. சர்க்கரையால் ஒன்று படுத்துக்கொண்டால், அநேகமாக 3 மாதத்தில் தானே எழுந்துவிடும். ஆனால், மூளையில் கட்டி, ரத்தக்குழாய்ப் புடைப்பு என்றாலும் இதே ரெட்டைப் பஸ்தான்! திடீரென்று இமை தொங்கி, தலைவலியும் சேர்ந்தால் அன்றைக்கே ஸ்கேன் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

இதற்கென்றே படித்தவர்கள் 'நியூரோ ஆப்தால்மாலஜி' டாக்டர்கள். நமக்குப் பக்கம், கடலூர் - புதுச்சேரி ரோட்டில் தவளக்குப்பம் அரவிந்த். கண்ணாடிக் கடைக்காரர் கோபித்துக்கொண்டால் கொள்ளட்டும் சார்!