அணுக்குண்டு புகா நிலம்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலைத்தொடரில் கரியாலூர் ஒரு மலையூர். தினையும் சாமையும் மரவள்ளியும் விளைவித்தும், கடுக்காயும் தேனும் எடுத்தும் வாழும் மலைமக்களின் மண் அது. அங்கிருந்து நோக்கினால் கடல் தெரியாது. அத்தகைய மலையிலே நின்று அணுக்குண்டைப் பற்றிப் பேசுவானேன் என்று நகைப்போர் இருக்கக்கூடும். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வாடைக்காற்று வங்கக் கடலினின்று முகந்துவரும் நீரன்றோ அம்மலையில் மழையாகப் பெய்கிறது? அம்மழையன்றோ கோமுகியாற்றில் இறங்கி, மணிமுத்தாற்றொடு கூடி, வெள்ளாற்றிற் கலந்து, பரங்கிப்பேட்டையருகே மீண்டும் கடலை அடைகிறது? கடலில் விழுந்த நஞ்சு கடலோடு நிற்பதில்லை. காற்றிற் கலந்த நஞ்சு தினைக்கதிரிலும் ஏறும்.

இது வெற்றச்சமன்று, உலகம் பட்டறிந்த உண்மை. 1950-களில் வல்லரசுகள் தத்தம் நாட்டுக்குத் தொலைவான பாலைகளிலும் தீவுகளிலும் வான்வெளியில் அணுக்குண்டுகளை வெடித்து ஆய்ந்தன. எங்கோ வெடித்த அக்குண்டுகளின் கதிர்த்துகள் மழையோடு இறங்கிப் புல்லில் ஏறியது. புல்லினின்று ஆவின் பாலுக்கும், பாலினின்று குழந்தையின் எலும்புக்கும் சென்றது. அமெரிக்க நாட்டுச் செயிண்டு லூயி நகரில், விழுந்த பாற்பற்களைத் திரட்டி ஆய்ந்த அறிஞர்கள் அப்பற்களிலே அந்நஞ்சைக் கண்டனர். தாய்மார் வெகுண்டெழுந்தனர். 1963 ஆகத்து 5-இல் வான்வெளி வெடிப்பை விலக்கும் உடன்படிக்கை மாசுகோவில் கையெழுத்தானதற்கு அவ்வெழுச்சியும் ஒரு கரணியம்.

ஆயினும் வெடிப்பு மண்ணுக்கடியிற் சென்றதேயன்றி, குண்டு ஒழிந்தபாடில்லை. வல்லரசுகள் ஒழிக்கும் என்று காத்திராமல், 'எம் மண்ணில் அது புகலாகாது' என்று சிறிய நாடுகள் கூடி எல்லை வகுத்துக்கொண்டதே அதன் பின்னர் நிகழ்ந்த பெருஞ்செயலாகும். 1962-இல் கியூபாவில் உருசிய ஏவுகணைகள் நிறுத்தப்பட்டு, உலகமே அழிவின் விளிம்பில் நின்றதைக் கண்ட இலத்தீன் அமெரிக்க நாடுகள், 1967 பிப்ரவரி 14-இல் மெக்சிக்கோ நகரின் தலாத்தெலோல்கோவில் முதலுடன்படிக்கை செய்தன. அதற்கு உழைத்த மெக்சிக்கோ நாட்டு அல்போன்சோ கார்சியா உரோபிளெசு 1982-ஆம் ஆண்டின் அமைதி நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். 2002-இல் கியூபாவும் இணைய, 33 நாடுகளும் ஒரே வேலிக்குள் வந்தன.

பிரான்சு மோருரோவாத் தீவில் வெடித்து வந்த குண்டுகளால் கொதித்த தென்பசிபிக்கு நாடுகள், இரோசிமா அழிந்த நாளாகிய ஆகத்து 6-இல், 1985-ஆம் ஆண்டு, இரரோதொங்காவில் கையெழுத்திட்டன. தென்கிழக்காசிய நாடுகள் 1995 திசம்பர் 15-இல் பாங்காக்கிலும், ஆப்பிரிக்க நாடுகள் 1996 ஏப்பிரல் 11-இல் கெய்ரோவிலும், நடுவாசிய நாடுகள் ஐந்தும் 2006 செப்தம்பர் 8-இல் செமிபலாத்தின்சுக்கிலும் அவ்வழியே சென்றன. செமிபலாத்தின்சுக்கு எது? சோவியத்து அரசு 1949 முதல் 1989 வரை 456 முறை குண்டு வெடித்த மண். புண்பட்ட மண்ணே மருந்து தேடிற்று என்க.

இவ்வுடன்படிக்கைகளின் இயல்பு எளிது. உறுப்பு நாடுகள் அணுப்படைக்கலம் செய்தலும், பெறுதலும், பிறர் கொணர்ந்து நிறுத்த இடந்தருதலும் கூடா. பன்னாட்டு அணுவாற்றல் முகவாண்மை அதனை மேற்பார்க்கும். 'இவ்வெல்லைக்குள் வாழ்வார்மேல் குண்டு வீசோம், வீசுவோம் என்று அச்சுறுத்தவும் செய்யோம்' என்று வல்லரசுகள் ஐந்தும் தனிப்பட ஒப்பமிடுதல் வேண்டும். ஓட்டையும் உண்டு. குண்டு தாங்கிய கப்பல் துறைமுகத்துக்கு வருவதை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் விருப்பிற்கு விடப்பட்டுள்ளன. பாங்காக்கு உடன்படிக்கையின் இணைப்பில் 2024 முடியும் வரை ஐந்தரசுகளுள் ஒன்றும் ஒப்பமிடவில்லை. எனினும், ஓட்டையுள்ள வேலி வேலியில்லாமையினும் மேலன்றோ?

இனி, தமிழர் தம் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சிங்கப்பூர்த் தமிழரும் மலேசியத் தமிழரும் பாங்காக்கு எல்லைக்குள் வாழ்கின்றனர். பிசித்தீவிற் கரும்புத் தோட்டக் கூலிகளாய்ச் சென்றவரின் வழியினர் இரரோதொங்கா எல்லைக்குள் வாழ்கின்றனர். 1860 முதல் நத்தாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் மக்களும், மொரீசியத் தமிழரும் ஆப்பிரிக்க எல்லைக்குள் வாழ்கின்றனர். தென்னாப்பிரிக்காவோ தான் செய்துவைத்திருந்த ஆறு குண்டுகளையும் தானே உடைத்தழித்து, 1993-இல் உலகறியச் சொன்ன நாடு. ஆக, கூலியாய்க் கப்பலேறிய தமிழனின் பேரன் குண்டு புகா நிலத்தில் வாழ்கிறான். தாய்மண்ணில் தங்கிய தமிழனின் பேரனுக்கும் ஈழத்தமிழனின் பேரனுக்கும் அவ்வேலி இல்லை.

வேலி கட்டும் முயற்சி நடவாமலில்லை. இலங்கைத் தலைமையமைச்சர் சிரிமாவோ பண்டாரநாயக்கா 1971-இல் இந்துமாக்கடலை அமைதிக்கடலாக்க வேண்டுமென்று உலக மன்றத்தில் வலியுறுத்தினார். அவ்வாண்டு திசம்பர் 16-இல் தீர்மானம் நிறைவேறியது. சார்பாக 61 நாடுகள், எதிராக ஒன்றுமில்லை, நடுநின்றவை 55. அமெரிக்காவும் உருசியாவும் பிரித்தானியாவும் பிரான்சும் நடுநின்றவற்றுள் அடங்கும். அதே திங்களில் அமெரிக்க அணுவாற்றற் கப்பலாகிய எண்டர்பிரைசு வங்கக் கடலிற் புகுந்திருந்தது என்பதை நினைத்தால், அந்நடுநிலையின் பொருள் விளங்கும். 1981-இல் கொழும்பில் கூட எண்ணிய மாநாடு கூடவேயில்லை.

மாறாகத் தியேகோ கார்சியாத் தீவில் படைத்தளம் வளர்ந்தது. அதற்காகச் சாகோசுத் தீவு மக்கள் 1968-க்கும் 1973-க்குமிடையில் வேரோடு பெயர்த்தெறியப்பட்டனர். ஆப்பிரிக்க உடன்படிக்கையின் நிலப்படத்தில் அத்தீவு இருந்தும், அது தமக்குப் பொருந்தாதென்கின்றன பிரித்தானியாவும் அமெரிக்காவும். 2025 மே 22-இல் மொரீசியசொடு செய்த உடன்படிக்கையும் அத்தளத்தை 99 ஆண்டுகள் பிரித்தானியர் கையிலேயே வைக்க வழிசெய்கிறது. அத்தளத்தின் நிழலில் தமிழன் கண்ணீரும் சிந்தியது. 2021 அக்தோபரில் படகு பழுதுற்றுக் கரையேற்றப்பட்ட ஈழத்தமிழர் பலர் அங்கே கூடாரங்களில் மூன்றாண்டுகள் அடைபட்டுக் கிடந்தனர். 2024 திசம்பரிலேதான் அவர்களுள் பெரும்பாலோர் பிரித்தானியா சென்றனர்; அவர்களை அடைத்துவைத்தது சட்டத்துக்குப் புறம்பென்று அத்தீவுப் பகுதிக்குரிய முறைமன்றமே தீர்ப்பளித்தது. குண்டுக்கு இடமுண்டு, ஏதிலிக்கு இடமில்லை என்பதே அத்தளத்தின் அறம் போலும்!

தென்னாசியாவின் கதை வேறு. 1974 மே 18-இல் இந்தியா பொக்கரானில் அணுவெடிப்பு நிகழ்த்தியது. அவ்வாண்டே பாக்கித்தான் தென்னாசியாவைக் குண்டற்ற வட்டாரமாக்க வேண்டுமென்று உலக மன்றத்திற் கோரியது. இந்தியா ஏற்கவில்லை. 'சீனத்தை விட்டுவிட்டுத் தென்னாசியாவைத் தனியே பிரிப்பது பொருளற்றது. வட்டார நாடுகள் தாமே கூடி முடிவு செய்யாத திட்டம் நிலைக்காது' என்பது அதன் மறுமொழி. அம்மறுமொழியில் வலிவில்லை என்று சொல்லிவிட முடியாது. பாக்கித்தானின் உள்ளம் தூயதன்று என்பதையும் பின்வந்த ஆண்டுகள் காட்டின. ஆனால், சீனத்தைச் சேர்த்துப் பேசவும் எவரும் முன்வந்திலர். விளைவென்ன? 1998 மே 11-லும் 13-லும் இந்தியா வெடித்தது. 28-லும் 30-லும் பாக்கித்தான் வெடித்தது. 2024-இல் இருபுறமும் தனித்தனியே ஏறத்தாழ 170 குண்டுகள் இருந்தன என்று ஆய்வாளர் கணித்தனர். பிறர் வகுத்த குண்டற்ற எல்லைகளை மதிப்பதாக இந்திய அரசு சொல்லி வருகிறது. பிறர்க்கு நன்றென்று போற்றுவது தனக்குமட்டும் தீதாவது எங்ஙனம்?

தமிழ்மண் இதில் புறத்தே நிற்கவில்லை. அணுவாற்றல் நீர்மூழ்கியாகிய அரிகந்தின் உலைக்கு முன்மாதிரி கல்பாக்கத்தில் அமைக்கப்பட்டது. 2009-இல் அது வெளியிற் சொல்லப்பட்டது. கல்பாக்கத்து மின்னுலை இரண்டும் பன்னாட்டு மேற்பார்வைக்கு உட்படுத்தப்படாதவை. நெல்லை மாவட்டம் விசயநாராயணத்தில் நீர்மூழ்கிகளுக்குக் கடலடியிற் செய்தி விடுக்கும் கடற்படை நிலையம் 1990 முதல் இயங்குகிறது. அதற்கு இட்ட பெயர் கட்டபொம்மன். தன் மண்ணைத் தானே ஆளத் தூக்குக் கயிற்றை ஏற்றவன் பெயர் அது! ஆனால் இவற்றுள் எதனையும் தமிழ்மக்களைக் கேட்டுச் செய்தார்களா? அரசமைப்பின் நடுவணரசுப் பட்டியலில் ஆறாம் இனம் அணுவாற்றல். மண் தமிழனுடையது, கடல் தமிழனுடையது, இடர் தமிழனுடையது, முடிவுமட்டும் தில்லியினது.

கல்வராயன் மலைமக்களுக்கு இந்நிலை புதிதன்று. நாடு விடுதலை பெற்றதென்று 1947-இல் எங்கும் முரசறைந்த பின்னும், 1976 வரை அவர்கள் சாகிர்தார்களின் ஆட்சியிலேயே இருந்தனர். தம் மலையைப் பற்றிய முடிவை வேறெவரோ எடுப்பது எத்தகைய கொடுமை என்பதை அவர்களினும் அறிந்தார் யார்?

பண்டைத் தமிழ்வேந்தர் போர்தொடுக்குமுன் ஆநிரையும் பெண்டிரும் பிணியாளரும் காப்பிடம் சேர்க என்று அறிவித்த மரபைப் புறநானூறு காட்டுகிறது. அம்மரபில் வந்தவர்க்கு, பசுவென்றும் பிள்ளையென்றும் பாராது எரிக்கும் படைக்கலம் வீரமாகத் தோன்றுமா?

எனவே, தமிழர் கேட்க வேண்டியவை தெளிவானவை. சீனத்தையும் உள்ளிட்டுத் தென்னாசிய நாடுகள் குண்டற்ற எல்லைக்குப் பேச்சுத் தொடங்குக. 1971-ஆம் ஆண்டின் அமைதிக்கடல் தீர்மானம் உயிர்பெறுக. 2017 சூலை 7-இல் உலக மன்றத்தில் நிறைவேறி, 2021 சனவரி 22 முதல் நடைமுறையிலுள்ள அணுப்படைக்கல விலக்கு உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்க.

இக்கேள்வி ஊரிலிருந்தே எழலாம். 1980-இல் மாஞ்செசுத்தர் நகரமன்றம் தன்னைக் குண்டற்ற நகராக அறிவித்தது. அதனைக் கண்டு நூற்றுக்கணக்கான ஊர்கள் அறிவித்தன. அவ்வறிவிப்பால் ஒரு குண்டும் உடையவில்லை. ஆனால் குண்டு வைத்திருப்போர் தம் குடிகளுக்கு விடைசொல்ல நேர்ந்தது. தமிழ்நாட்டிலும் ஊராட்சிதோறும் ஊரவை ஆண்டுக்குப் பலமுறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் சாலையும் குடிநீரும் பேசிய பின், 'எம் மலைக்கும் கடலுக்கும் அணுக்குண்டு வேண்டா' என்னும் ஒருவரித் தீர்மானத்தையும் நிறைவேற்றுக. முதற்குரல் கரியாலூர் மலையினின்றே எழட்டும். மலையிற் பெய்த மழை கடலைச் சேர்வதுபோல, அக்குரலும் கடல்வரை சென்று சேரும்.