எல்லாம் படை இல்லை!



நம்ம ஊரில் தோலில் எது வந்தாலும் ஒரே பேர்தான். வட்டமா வந்தாலும் படை, செதில் உதிர்ந்தாலும் படை, தடிச்சாலும் படை. இந்த ஒரு வார்த்தையால் எங்க அத்தை ஆறு மாசம் கஷ்டப்பட்டாங்க.

அத்தை நடவுக்குப் போறவங்க. காவிரி கடலில் சேருற நம்ம பூம்புகார் பக்கம் வேர்வைக்கும் ஈரத்துக்கும் கேட்கணுமா? நாள் பூரா சேற்றில் நின்னு ஈரச் சேலையோடயே வீட்டுக்கு வருவாங்க. இடுப்பில் நாடா கட்டுற இடத்தில் அரிப்பு வந்தது. மருந்துக் கடையில் "படைக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டு ஒரு டியூப் வாங்கினாங்க. நாலே நாளில் அரிப்பு போச்சு! நிறுத்தினதும் முன்னைவிடப் பெரிசா வந்தது. அப்புறம் டியூப் மேல டியூப்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கேட்டாங்க: முதலில் எப்படி இருந்தது? ஓரம் மேடா இருந்ததா? நடுவில் ஆறிக்கிட்டு வந்ததா? வீட்டில் வேற யாருக்காவது இருக்கா? அத்தை "படைங்கம்மா" என்பதைத் தவிர ஒண்ணும் சொல்லலை. எனக்கு வெட்கமா இருந்தது. நானும்தான் சரியாப் பார்க்கலையே.

அது படர்தாமரை. பூஞ்சையால் வருவது, துண்டு, துணி மூலம் ஒட்டும். அந்த டியூபில் ஸ்டீராய்டு கலந்திருந்ததாம். அது அரிப்பை அடக்கும், பூஞ்சையைக் கொல்லாது. மோதிரம் மாதிரி இருக்கிற அடையாளத்தையும் அழித்துவிடும். 2018ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. யார் சீட்டு கேட்கிறார்கள்?

அதே ஸ்டீராய்டு, டாக்டர் சொல்ற அளவில், கரப்பானுக்கு நல்ல மருந்து. கரப்பான் முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் வறண்டு அரிக்கும், சில சமயம் நீர் கசியும். சோரியாசிஸ் வேறு. சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். முட்டி, முழங்கை, தலையில் தடித்து வெள்ளி மாதிரி செதில் உதிரும். தோல் செல் மேலே வந்து உதிர ஒரு மாசம் போல ஆகணும், இதில் சில நாளிலேயே வந்துவிடும். இரண்டுமே நம் உடம்பின் பாதுகாப்புப் படை தப்பாகக் கிளம்பி உண்டாக்கும் அழற்சி. (படை என்றால் இந்தப் படைதான்!) ஒட்டவே ஒட்டாது.

இது தெரியாமல்தான் போன வருஷம் ஒரு பிள்ளையைப் பெஞ்சில் தனியா உட்கார விட்டோம். பேர் சொல்ல மாட்டேன். முதலில் நகர்ந்து உட்கார்ந்தவள் நான்.

இன்னொன்று. புத்தகத்தில் "சிவந்திருக்கும்" என்று போட்டிருக்கும். நம்ம கறுப்புத் தோலில் அது ஊதா கலந்த கருப்பாகத்தான் தெரியும். சிவப்பைத் தேடினால் கிடைக்காது. வெளுத்த இடத்தைத் தொட்டால் உணர்ச்சியே இல்லையா? உடனே போகணும், தொழுநோயாக இருக்கலாம். மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும்.

செம்பருத்தி இலைக்கு ஓரம், நரம்பு, நுனி எல்லாம் பார்த்து எழுதி மார்க் வாங்குகிறோம். எங்கே, எத்தனை நாளா, ஓரம் எப்படி, செதில் உண்டா, அரிக்கிறதா என்று நம்ம தோலைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. மருத்துவக் குழு பள்ளிக்கு வந்தால் "ஒண்ணுமில்ல சார்"னு கையை மறைத்துக்கொண்டு ஓடுகிறோம்.

அத்தைக்கு இப்போ அரிப்பு இல்லை. ஆனாலும் டாக்டரம்மா சொன்னபடி இன்னும் இரண்டு வாரம் பூசணும். வீட்டில் எல்லோருக்கும் துண்டு தனித்தனி.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி