ஆற்றங்கரைக்கு ஒரு நீதி, தேக்காவுக்கு ஒரு நீதியா?

சித்தூரிலும் திருப்பதியிலும் இருந்து பிள்ளைகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்தாரே!

அந்த ஊர் ஆற்றில் தொடக்க காலத்தில் சரக்குத் தோணி ஓட்டியவர்களில் பலர், சோழமண்டலக் கரையிலிருந்து போன நம்மவர்கள். ஆற்றோரத்துச் சூலியா தெரு இன்றும் சாட்சி. 1983-ல் தொங்கான்களை அகற்றினார்கள். 1987-க்குள் ஆற்றைச் சுத்தம் செய்து முடித்தார்கள். நல்லதுதான். யாருக்காக? இன்று போட் கீ, கிளார்க் கீ கரைகளில் நள்ளிரவு தாண்டியும் மதுவும் ஆட்டமும்! அதற்குப் பெயர் சுற்றுலா!

தேக்காவிலோ, 2013 டிசம்பர் 8 ஞாயிறு இரவு, தமிழ்த் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தில் சிக்கி மாண்டார். கலவரம் மூண்டது. 57 பேர் நாடு கடத்தப்பட்டனர். விசாரணைக் குழு மதுவையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2015 ஏப்ரல் முதல் நாடெங்கும் இரவு 10.30-க்குமேல் பொதுவிடத்தில் குடிக்கத் தடை. தேக்காவில் சனி காலை முதல் திங்கள் காலை வரை தடை. நாற்காலிக்குக் காசு கொடுப்பவன் விருந்தாளி. புல்தரையில் உட்காருபவன் குற்றவாளி!

குடிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. குடி கேடென்றால் ஆற்றங்கரையிலும் கேடுதான். வாரம் ஒருநாள் ஓய்வு காணும் உழைப்பாளி, ஊர்க்காரரோடு கூடிப் பேச இடம் வேண்டாமா? சங்கக் கூட்டந்தோறும் இதைக் கேட்போம்!