லிட்டில் ராக்கும் திருமலைக்கவுண்டன்பாளையமும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பல்லடம் பக்கத்துத் தோழர்கள் அமெரிக்க அரசியலமைப்பை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள்: அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி, அடிப்படை உரிமைகள். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதியபோது கறுப்பின மக்கள் எங்கே நிற்க வேண்டி வந்தது என்று பார்த்தால்தான் நமக்கு அதில் பாடம் இருக்கிறது.

1957, ஆர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரம். பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. அதை நம்பி ஒன்பது கறுப்பின மாணவர்கள் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். ஆளுநர் ஃபாபஸ் மாநிலப் படையை வாசலில் நிறுத்தி அவர்களைத் தடுத்தார். (அங்கே ஆளுநர் என்றால் மேலிருந்து அனுப்பப்பட்டவர் அல்ல, நம் முதலமைச்சரைப் போல, மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர்.) அவருடைய வாதம் மாநில உரிமை. குடியரசுத் தலைவர் ஐசனோவர் ரொம்பவே தயங்கினார். கடைசியில் செப்டம்பர் 24 அன்று ராணுவத்தை அனுப்பினார். மறுநாள் அந்தப் பிள்ளைகள் சிப்பாய்களின் காவலோடு வகுப்புக்குள் போனார்கள். ஃபாபஸ் அடுத்த ஆண்டு நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகளையே மூடினார். மறுபடியும் தேர்தலில் ஜெயித்தார்.

நம்ம ஊருக்கு வருவோம். 2018 ஜூலை, அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளி. சத்துணவு சமைக்க ஒரு தலித் பெண் வந்தார் என்பதற்காக ஆதிக்க சாதியினர் திரண்டு வந்து தடுத்தார்கள். அதிகாரிகள் உடனே என்ன செய்தார்கள்? தடுத்தவர்களை விட்டுவிட்டு அந்த அம்மாவுக்கு இடமாறுதல் போட்டார்கள். நம் இயக்கங்கள் தெருவில் இறங்கிய பிறகே உத்தரவு ரத்தானது, வன்கொடுமை வழக்கும் பதிவானது. 2025 நவம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு சிறை விதித்தது. ஐசனோவருக்கு ஆனது மூன்று வாரம். நமக்கு ஏழு வருடம்.

சின்ன ஊரில் பெரும்பான்மை ஒன்றுகூடிச் சிறுபான்மையை நசுக்குவது சுலபம், பரந்த குடியரசில் கடினம் என்று 1787-லேயே எழுதினார் மேடிசன். எழுதியவரே அடிமைகளை வைத்திருந்தவர், அது தனிக்கதை. கிராமத்தை அரசியலமைப்பின் அடிப்படை அலகாக வைக்கச் சொன்னவர்களுக்கு அண்ணல் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கொடுத்த பதிலும் ஏறக்குறைய இதுதான். அவருக்கு இதைச் சொல்ல மேடிசன் தேவைப்படவில்லை, சேரி போதும்.

அதிகாரப் பிரிவினை என்றால் எல்லா அதிகாரமும் ஒரே கையில் சேரக் கூடாது என்று பொருள். நம் ஊர்களில் பாருங்கள். ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் கழகம் எல்லாம் காகிதத்தில் தனித்தனி. உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே சொந்தபந்தம். தோட்டமும் தறியும் கோழிப்பண்ணையும் அவர்களுடையதுதான். காலையில் புகார் கொடுத்தால் சாயங்காலம் வேலை போகும். தலைவர் பதவி நமக்கு ஒதுக்கப்பட்டாலும் அவருக்கு நாற்காலி கிடைப்பதே போராட்டமாகிவிடுகிறது.

அப்படியானால் மாநில சுயாட்சியை எதிர்க்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. 1974-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சுயாட்சித் தீர்மானம் எனக்கும் உடன்பாடே. கல்வியும் நிதியும் தில்லியில் முடங்கக் கூடாது. ஆனால் தில்லியிடம் அதிகாரம் கேட்கிற கட்சிகள், ஊருக்குள் நடப்பதை ஊர்க்காரர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று கட்டப்பஞ்சாயத்துக்கு அனுப்பும்போது, அது ஃபாபஸின் குரல். சமத்துவம் பேரம் பேசும் பொருள் அல்ல. 14-ஆவது பிரிவில் உள்ள ‘சட்டத்தின் சமமான பாதுகாப்பு’ என்ற சொற்றொடரே அமெரிக்காவின் 14-ஆவது திருத்தத்திலிருந்து வந்தது. அடிமை முறை ஒழிந்தபின், மாநிலங்களைக் கட்டுப்படுத்தவே 1868-இல் அதைக் கொண்டுவந்தார்கள்.

மேலே இருப்பவர்கள் எப்போதும் நம் பக்கம் என்றும் நினைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே வன்கொடுமைச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது. ஏப்ரல் 2 முழு அடைப்பும் உயிர்ப்பலிகளும் ஏற்பட்ட பிறகே நாடாளுமன்றம் ஆகஸ்டில் அதைச் சரிசெய்தது. ஒரு அவை தவறினால் இன்னொன்று திருத்தும் என்று பாடநூல் சொல்லும். தள்ளிவிட ஆள் இல்லாமல் எதுவும் நகராது.

அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படியுங்கள். கடமையை வேண்டுமென்றே செய்யாத, தலித் அல்லாத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. விதி 17-இன்படி மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். திருப்பூர் மாவட்டக் குழு கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது, 4-ஆம் பிரிவில் எத்தனை பேர் மீது நடவடிக்கை பரிந்துரைத்தது? இந்த இரண்டு கேள்வியோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்.